ஆங்கில மேஜரிலிருந்து சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலைக்கு: கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் நியூ ஜெர்சியில் நான்காண்டுக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஆங்கிலம் மேஜர். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க ஆசை. கூடவே சிறப்புக் கல்விச் சான்றிதழும் வேண்டும். மேஜரை மாற்ற வேண்டுமா, இரண்டாவது மேஜர் எடுக்க வேண்டுமா, எந்த வகுப்பை எப்போது எடுப்பது, நான்கு ஆண்டுக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிச்சு என்ன வேலை கிடைக்கும்" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நானும் ஒரு காலத்தில் தினமும் கேட்டவள்தான். ஆங்கிலம் படித்து, அப்புறம் சிறப்புக் கல்விக்கு வந்து, இதே மாநிலத்தில் பல ஆண்டுகளாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன்.

மேஜரை மாற்ற வேண்டாம். இரண்டாவது மேஜரும் வேண்டாம். ஆனால் நான்கு ஆண்டில் இரண்டு சான்றிதழையும் முடிக்க முயல்வதைவிட, ஐந்து ஆண்டு என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பட்டம் தருவது கல்லூரி. ஆசிரியர் சான்றிதழ் தருவது மாநிலம். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆங்கிலத் துறையின் ஆலோசகருக்குப் பட்டத்துக்கு என்ன வேண்டும் என்பது அத்துப்படி. மாநிலம் என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் விஷயத்தில் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் கல்வியியல் துறைக்குள் நுழைய ஒரு முன்வகுப்பு தேவை, அது இலையுதிர் பருவத்தில் மட்டும்தான் நடக்கும் என்று தெரிந்தது. ஒரு வருடம் போனது. அதனால் இப்போதே கல்வியியல் துறையில் இன்னொரு ஆலோசகரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துக் கேள்வி கேட்பது என் பிற்காலத்து ஞானம்.

நியூ ஜெர்சி ஆங்கில ஆசிரியர் சான்றிதழுக்குக் கேட்பது முக்கியமாக இவை: இளங்கலைப் பட்டம், ஆங்கிலத்தில் குறைந்தது 30 கிரெடிட் (கல்லூரி வகுப்புகளை எண்ணும் அலகு), அதில் 12 கல்லூரியின் மேல்நிலை வகுப்புகளாக, அதாவது அறிமுக நிலையைத் தாண்டியவையாக இருக்க வேண்டும், ப்ராக்சிஸ் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் ஆங்கில உள்ளடக்கத் தேர்வு, அதன் எண் 5038, அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சித் திட்டம். உங்கள் மேஜரிலேயே 30 கிரெடிட் தானாக வந்துவிடும் என்பதால் அது கவலையில்லை. சான்றிதழ் கிடைத்தால் ஆங்கிலத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கலாம்.

சிறப்புக் கல்விச் சான்றிதழ் இங்கே தனியாக நிற்பதில்லை. 'குறைபாடுள்ள மாணவர்களின் ஆசிரியர்' என்பது அதன் பெயர். எல்லோரும் சுருக்கி டி.ஓ.எஸ்.டி. என்பார்கள். வேறொரு பாடச் சான்றிதழ் கையில் இருந்தால், அல்லது அதற்குத் தகுதி இருந்தால்தான் இது கிடைக்கும். கொடி படரப் பந்தல் வேண்டும் என்பது போல. உங்களுக்கு ஆங்கிலம்தான் பந்தல். இதற்கென்று தனி ப்ராக்சிஸ் தேர்வு கிடையாது. சிறப்புக் கல்வி வகுப்புகள் இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு கிரெடிட் வரை எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் பொதுப் பாடங்கள், ஆங்கில மேஜர், கல்வியியல் வகுப்புகள், அப்புறம் இந்த இருபத்தொன்று. காகிதத்தில் இடம் இருப்பது போலத் தெரியும். இடிப்பது கிரெடிட் இல்லை, பயிற்சி.

நியூ ஜெர்சியில் பயிற்சி ஆசிரியராகப் பள்ளியில் இருப்பது இரண்டு செமஸ்டர். முதல் செமஸ்டரில் குறைந்தது 175 மணி நேரம், அடுத்த செமஸ்டர் முழு நேரம். அதற்கு முன்பே வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்க்கும் மணி நேரங்கள் தனி. முழு நேரப் பயிற்சி என்றால் காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மாலையில் மறுநாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். அந்த செமஸ்டரில் வேறு வகுப்பு எடுக்கச் சாதாரணமாக விடமாட்டார்கள், விட்டாலும் எடுக்காதீர்கள். பகுதி நேர வேலையும் அநேகமாக நின்றுவிடும். அந்த நாலு மாதத்துக்குக் கைச்செலவுக்கு இப்போதிருந்தே கொஞ்சம் சேர்த்து வையுங்கள். இதை எந்தக் கையேட்டிலும் போடமாட்டார்கள்.

ஆக, திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். முழு நேரப் பயிற்சி எந்த செமஸ்டர்? அதற்கு முந்தைய செமஸ்டரில் 175 மணி நேரம். அதற்கும் முன்பே சான்றிதழுக்கான முறைகள் வகுப்பு, அதாவது ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்பது. அதற்கு முன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கை. சேர்க்கைக்கு முன் அறிமுக வகுப்புகளும் மதிப்பெண் சராசரியும். இப்படிப் பின்னோக்கி வந்தால், நீங்கள் நிற்கும் இரண்டாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டரிலேயே ஒரு கல்வியியல் அறிமுக வகுப்பும் வளரிளம் பருவ உளவியல் வகுப்பும் எடுத்தாக வேண்டும் என்று தெரியவரும். முன்னோக்கிப் போட்டால் இது தெரியாது. எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் போலத்தான் இருக்கும்.

ஐந்தாண்டு என்று நான் சொல்வது, நான்கில் ஆங்கில பி.ஏ., ஐந்தாவதில் எம்.ஏ.டி. அல்லது எம்.எட்., அதாவது கற்பித்தலில் அல்லது கல்வியியலில் முதுகலை. ரட்கர்ஸ், மான்ட்க்ளேர், 'தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி' போன்ற இடங்களில் பட்டமும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டுத் திட்டங்கள் உண்டு. சிலவற்றில் பாடச் சான்றிதழோடு சிறப்புக் கல்வியும் சேர்ந்தே வரும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று இருந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கச் சொல்வார்கள். நாள் தவறவிட்டால் நான்கு ஆண்டு முடித்து வெளியிலிருந்து சேர வேண்டும். அதுவும் குற்றமில்லை, செலவுதான் கூடும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. ஆங்கிலச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்வது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் சிறப்புக் கல்வியை முடிப்பது. மாநிலம் அதற்காகவே ஒரு தகுதிச் சான்றிதழ் தருகிறது. பள்ளிகளுக்கு ஆள் பற்றாக்குறை இருப்பதால் எடுத்துக்கொள்வார்கள். நான் வந்த வழி இதுதான். பரிந்துரைக்க மனம் வரவில்லை. முதல் வருட ஆசிரியருக்குத் தூங்கவே நேரம் இருக்காது. அந்த வருடத்தில் வாரம் இரண்டு மாலை வகுப்பு, பகலில் முழுப் பயிற்சி இல்லாமலே பதினைந்து பிள்ளைகளின் தனித் திட்டங்கள். விழுந்து விழுந்து எழுந்தேன். அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறேன்.

தேர்வுகள் பற்றி மூத்த மாணவர்கள் பயமுறுத்துவார்கள். அவர்கள் எழுதியதில் இரண்டு இப்போது இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று இருந்த அடிப்படைத் திறன் தேர்வை 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் எடுத்துவிட்டது. பயிற்சி ஆசிரியர்களை மதிப்பிட வைத்திருந்த எட்-டி.பி.ஏ. என்ற வீடியோவும் கட்டுரையுமான தலைவலியை 2022 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு நீக்கினார்கள். மிச்சம் 5038 மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதை வகுப்பில் கவனமாக இருந்தவர்களுக்கு அதில் வாசிப்புப் பகுதி சுலபம். தடுக்கி விழுவது இலக்கணத்திலும் மொழி வரலாற்றிலும்தான். மூன்றாம் ஆண்டின் கோடையில் எழுதிவிடுங்கள், பயிற்சி செமஸ்டரோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

சரி, எந்த ஆங்கில வகுப்புகள்? இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் மேஜரில் இல்லாத ஒரு விஷயம்தான் நாளைக்கு உங்களுக்கு அதிகம் தேவைப்படப் போகிறது.

ஆங்கிலத் துறை, படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் படிக்கச் சொல்லித்தருகிறது. ஒரு வரிக்குள் இருக்கும் நான்கு அர்த்தத்தைப் பிரிக்கக் கற்றுத்தருகிறது. அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கவே முடியாத பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன செய்வது என்று அங்கே யாரும் பேசமாட்டார்கள். உங்கள் வகுப்பில் அந்தப் பையன் இருப்பான். புத்திசாலியாக இருப்பான், வகுப்பில் சிரிக்க வைப்பான், சத்தமாகப் படிக்கச் சொன்னால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். எனக்கு முதல் வருடம் வாய்த்தவன் சரியாக அப்படித்தான். ஒரு மாதம் வரை அவனைச் சோம்பேறி என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது: சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக்கொண்டிருந்தான். எட்டு வருடமாக ஊகத்திலேயே ஒப்பேற்றியிருக்கிறான்.

தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதன் ஆழம் சட்டென்று பிடிபடாது. நம் எழுத்தில், கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் ஒப்பித்துவிடலாம். பொருள் பிறகு வரும். ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து, ஒலிக்கவே ஒலிக்காத எழுத்துகள் வேறு. ஆனால் அதற்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'சைன்' என்ற சொல்லில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் 'ஜி' எழுத்தைப் பாருங்கள். 'சிக்னேச்சர்' என்று நீட்டினால் அது வாய் திறக்கும். ஒலி மாறினாலும் குடும்பம் ஒன்று என்று காட்டவே அந்த எழுத்து அங்கே இருக்கிறது. இதை அந்தப் பையனிடம் சொன்ன நாளன்று, "இதை ஏன் இத்தனை வருஷமா யாரும் சொல்லல?" என்று கோபப்பட்டான். நியாயமான கோபம்.

இந்த ஒழுங்கைச் சொல்லித்தர உங்களுக்கு வேண்டியவை மொழியியல் அறிமுகம், ஒலியியல், சொல்லமைப்பு, ஆங்கில மொழியின் வரலாறு, நவீன இலக்கணம். இவை உங்கள் துறையிலேயே இருக்கும். பெரும்பாலான இலக்கிய மாணவர்கள் கடைசி வரை தள்ளிப்போடுவார்கள். நீங்கள் முதலில் எடுங்கள். மேல்நிலை 12 கிரெடிட்டில் இரண்டு வகுப்பாவது இவற்றில் இருக்கட்டும். மொழி வரலாறு வகுப்பில், பழைய ஆங்கிலம், நார்மன் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் என்று சொற்கள் எந்த வழியாக வந்தன என்பது தெரிந்தால், ஏன் ஒரு 'சி-எச்' மூன்று விதமாக ஒலிக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிடும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த விடை வெறும் சுவாரசியம் அல்ல, ஏணி.

அடுத்து, கல்வியியல் பக்கத்தில் வாசிப்பு கற்பித்தல் வகுப்பு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். அனுமதி கேட்டு எடுங்கள். அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து அங்கங்களைப் பிரித்துச் சொன்னது: ஒலியைப் பிரித்தறிதல், எழுத்து-ஒலி உறவு, தடையில்லாத வாசிப்பு, சொல்வளம், பொருள்கோள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கடைசி இரண்டில் மட்டும் இருந்துகொண்டு, முதல் மூன்றும் யாரோ முன்னமே முடித்துவிட்டார்கள் என்று நம்புகிறோம். பலருக்கு முடிந்திருக்காது. ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் என்ற பெயரையும் அதன் வழித் தோன்றிய பயிற்சிகளையும் நீங்கள் கேள்விப்படுவீர்கள். 1930-களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் தொடங்கிய மரபு அது. படிக்கும்போதே அதில் ஒரு அறிமுகப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

மற்றபடி இளையோர் இலக்கியம், எழுத்துக் கற்பித்தல் கோட்பாடு இரண்டும் நல்லது. ஷேக்ஸ்பியர் ஒன்று போதும். மில்டனை மட்டும் வைத்து ஒரு செமஸ்டர் எடுக்க ஆசையாக இருந்தால் எடுங்கள், எனக்கும் ஆசை இருந்தது; ஆனால் மொழியியலுக்குப் பதிலாக எடுக்க வேண்டாம்.

சிறப்புக் கல்வி என்பது இங்கே சட்டத்தில் வேர் பிடித்த வேலை. இது தெரியாமல் அன்பை மட்டும் நம்பி வருபவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்காக 1975-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம், 1990-இல் பெயர் மாறி 'ஐடியா' ஆனது, 2004-இல் திருத்தப்பட்டது. 1975-க்கு முன் பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்று மூன்று வயதிலிருந்து இருபத்தொன்று வரை, பதின்மூன்று வகைக் குறைபாடுகளுக்கு இலவசமான, பொருத்தமான கல்வி உரிமை. 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 75 லட்சம் மாணவர்கள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 15 பேர் இதன் கீழ் வந்தார்கள். மிகப் பெரிய பிரிவு குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அதற்குள் வாசிப்புச் சிக்கல்கள்தான் அதிகம். உங்கள் ஆங்கிலம் வந்து சேரும் இடம் இதுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்று ஒரு தனிக் கல்வித் திட்டம் எழுதப்படும். வருடத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் போட்டுத் திருத்த வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடு. அதில் எழுதியது வாக்குறுதி அல்ல, கடமை. கூடுதல் நேரம் என்று எழுதியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம், எண்ட்ரூ வழக்கில், அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும், பெயருக்கு ஏதோ ஒன்று போதாது என்று சொன்னது. நியூ ஜெர்சியில் திட்டத்தை நிர்வகிப்பவர் பெரும்பாலும் 'சைல்டு ஸ்டடி டீம்' உறுப்பினர்: உளவியலாளர், சமூகப் பணியாளர், கற்றல் ஆலோசகர் மூவரில் ஒருவர். வேறு பல மாநிலங்களில் அந்தச் சுமையும் ஆசிரியர் தலையில்தான். இங்கே ஆசிரியர் எழுதுவது தற்போதைய நிலையும் இலக்குகளும். "நன்றாக முயற்சி செய்கிறான்" என்று எழுதினால் அது ஒன்றுக்கும் உதவாது. எந்த நிலைப் பத்தியை, நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை பிழையோடு படிக்கிறான் என்று எழுத வேண்டும். கட்டுரை எழுதிப் பழகிய ஆங்கில மாணவர்களுக்கு இந்த வறண்ட உரைநடை முதலில் கசக்கும்.

உங்கள் இரண்டு சான்றிதழும் பள்ளியில் மூன்று விதமாகப் பயன்படும். ஒன்று, பொது வகுப்பில் ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து இரண்டாவது ஆசிரியராக நிற்பது. இரண்டு, சிறு குழுவாகப் பிள்ளைகளைத் தனி அறைக்கு அழைத்து ஆங்கிலப் பாடத்தையே நடத்துவது. ரிசோர்ஸ் ரூம் என்பார்கள். மூன்று, நாள் முழுக்க ஒரே குழுவோடு இருக்கும் தனி வகுப்பு. இரண்டாவதில் உங்களுக்குத்தான் மதிப்பு, ஏனென்றால் பாடமும் தெரிந்து சிறப்புக் கல்வியும் தெரிந்தவர்கள் உயர்நிலைப் பள்ளியில் குறைவு. முதலாவது கேட்பதற்கு இனிமையாக இருக்கும். நடைமுறையில் ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். திருமண வீட்டில் பந்தி விசாரிப்பவர் மாதிரி. இருவரும் சேர்ந்து திட்டமிட அட்டவணையில் நேரம் இருக்கிறதா என்று வேலை நேர்காணலில் கேளுங்கள். பதிலிலேயே அந்தப் பள்ளி தெரிந்துவிடும்.

கல்லூரியில் சொல்லித்தருவார்கள், இருந்தாலும் ஒரு வேறுபாட்டை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பாடத்தை அடையும் வழியை மாற்றுவது ஒன்று. பாடத்தையே மாற்றுவது இன்னொன்று. வகுப்பு முழுக்க ஒரு நாவல் படிக்கும்போது, அதே நாவலை ஒலிப்புத்தகமாகக் கேட்கக் கொடுத்தால் வழி மாறியது, நாவல் அதேதான். விவாதத்தில் அவன் சமமாக உட்காரலாம். சுருக்கி எளிமைப்படுத்திய வேறு நூலைக் கொடுத்தால் அவன் படிப்பதே வேறு. இரண்டாவது சிலருக்குத் தேவை. ஆனால் முதலாவது போதுமான பிள்ளைக்கு இரக்கப்பட்டு இரண்டாவதைக் கொடுத்துவிடுவது, நல்ல மனதுள்ள ஆசிரியர்கள் அடிக்கடி செய்யும் அநியாயம். ஒலிப்புத்தகம் கேட்கிறான் என்பதால் படிக்கச் சொல்லித்தருவதை நிறுத்துவது அதன் மறுபக்கம்.

இதையெல்லாம் வாசித்து முடிவெடுக்காதீர்கள், போய்ப் பாருங்கள். கோடையில் சில பிள்ளைகளுக்கு நீட்டிப்பு வகுப்புகள் நடக்கும். அவற்றில் பாரா, அதாவது உதவியாளர் வேலைக்கு ஆள் தேடுவார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் ஆறு வாரத்தில், பேச்சு வராத பிள்ளை எப்படித் தன் கோபத்தைச் சொல்கிறது, ஒரு மணி அடித்தால் ஏன் ஒருவன் மேசைக்கு அடியில் போகிறான் என்பதெல்லாம் உங்கள் கண்ணால் பார்த்துவிடுவீர்கள். கல்லூரி கேட்கும் பார்வை மணி நேரங்களில் ஒன்றையாவது தனி வகுப்பில் செலவழிக்கக் கேளுங்கள். பார்த்துவிட்டு, "எனக்கு ஆங்கிலம் மட்டும் போதும்" என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவுதான். அந்தப் பிள்ளைகள் உங்கள் பொது வகுப்பிலும் இருக்கப் போகிறார்கள், பார்த்தது வீண் போகாது.

பணம். வீட்டில் கேட்கும் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. டீச் கிராண்ட் என்று மத்திய அரசின் உதவி ஒன்று; வருடத்துக்கு 4,000 டாலர் வரை, நடைமுறையில் அரசின் செலவு வெட்டு போகக் கொஞ்சம் குறைவாக வரும். மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.25 வேண்டும், அல்லது கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு ஒன்றில் மேல் கால் பங்குக்குள் வந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில், ஆள் பற்றாக்குறையுள்ள பாடத்தில் கற்பிக்க வேண்டும். சிறப்புக் கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. நிபந்தனை தவறினால் மொத்தமும் கடனாக மாறும், பணம் வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு. வருடா வருடம் தாள் அனுப்ப மறக்காதவர்கள் மட்டும் தொடுங்கள்.

கல்விக் கடன் இருந்தால், குறைந்த வருமானப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம் பணியாற்றியவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. ஆங்கில ஆசிரியருக்கு 5,000 டாலர் வரை. சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 17,500 வரை. வேலை ஒப்பந்தத்தில் உங்கள் பதவி எந்தப் பெயரில் இருக்கிறது என்பது அப்போது முக்கியமாகிவிடும். சம்பளத்தில் இருவருக்கும் வித்தியாசம் இருக்காது, இங்கே அரசுப் பள்ளிகளில் சம்பள அட்டவணைதான் பேசும். வருடத்துக்கு ஒரு படி, முதுகலை இருந்தால் பக்கத்து நிரல். ஐந்தாண்டுத் திட்டத்தில் வந்தால் முதல் நாளே முதுகலை நிரலில் நிற்பீர்கள்.

நம் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டீச் கிராண்ட், மத்திய அரசுக் கடன் எல்லாம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுக்கு இருபத்தொரு வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். உங்கள் நிலை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எச்-4 என்றால் ஐந்தாவது ஆண்டை முடிவு செய்வதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் போங்கள். கல்வியியல் ஆலோசகருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கல்யாணமோ வேலையோ வேறு மாநிலத்துக்கு இழுத்தால்? சான்றிதழ் அப்படியே பெட்டியில் வராது. மாநிலங்களுக்குள் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் போய்ச் சேரும் இடம் தன் தேர்வையோ வகுப்பையோ கூடுதலாகக் கேட்கலாம். நியூயார்க்கில் தொடக்கச் சான்றிதழ் ஐந்து வருடம்; அதற்குள் முதுகலை முடித்தால்தான் நிரந்தர வழி. கலிபோர்னியாவில் சிறப்புக் கல்வி தனிச் சான்றிதழ், அதிலும் லேசான-மிதமான ஆதரவு, விரிவான ஆதரவு என்று பிரிவுகள். டெக்சாஸில் ஒரு முழுச் சான்றிதழ் கையில் இருந்தால் பல பாடங்களைத் தேர்வு எழுதியே சேர்த்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் வகுப்புகளின் பாடத்திட்டங்களைக் கேட்பார்கள், அதனால் ஒவ்வொரு செமஸ்டரும் அவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு தேடி அலைந்தவள் சொல்கிறேன்.

இன்னும் தூரத்தில் பார்த்தால், இரண்டு வருடம் கற்பித்த பிறகு முதுகலையோடு வாசிப்பு வல்லுநர் சான்றிதழ், மூன்று வருடத்துக்குப் பிறகு கற்றல் ஆலோசகர் சான்றிதழ் என்று படிகள் உண்டு. ஆங்கிலமும் சிறப்புக் கல்வியும் சேர்ந்தவர்களுக்கு இரண்டுமே பக்கத்தில் இருப்பவை. இப்போது அதற்காக எதுவும் செய்ய வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது பதிவு திறப்பதற்குள் கல்வியியல் ஆலோசகரிடம் அரை மணி நேரம். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தோடு டி.ஓ.எஸ்.டி. சேர்ந்த ஐந்தாண்டுத் திட்டம் இங்கே உண்டா, விண்ணப்ப நாள் எது? எந்த வகுப்புகள் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நடக்கின்றன? பயிற்சிக்குப் போகும் இரண்டு செமஸ்டரில் ஒன்றாவது சிறப்புக் கல்வி வகுப்பறையில் அமையுமா, இல்லை இரண்டும் பொது ஆங்கில வகுப்பிலேயே போய்விடுமா? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் விடாமல் கேளுங்கள். பதில்களை இங்கே எழுதினால் செமஸ்டர் வாரியாக உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.